புதுப்பிப்பு: கிட் களஞ்சியத்தை வாசிக்க மட்டும் திறந்துவிடுதல்

மட்டக்களப்பில் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் பயனர் கணக்கு இல்லாமலே கிட் களஞ்சியத்தை (கோப்புகளையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் சேர்த்து வைக்கும் இடம்) குளோன் செய்யவேண்டும், அதாவது முழுதாகப் பிரதி எடுக்கவேண்டும், ஆனால் ஒருவரும் எழுதக்கூடாது என்று கேட்டிருந்தேன். சரிவந்துவிட்டது, எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, கிட் டீமனை (களஞ்சியத்தை நேரடியாகப் பகிரும் கிட்டின் சேவை) விட்டுவிட்டு, எச்டிடிபிஎஸ் வழியே கிட்-எச்டிடிபி-பேக்கெண்ட் (வெப் சேர்வர் மூலம் களஞ்சியத்தைப் பகிரும் கிட்டின் நிரல்) போடச் சொன்ன யோசனை. டீமனின் 9418 போர்ட்டில் மறையாக்கமே இல்லை. பேக்கெண்டில் உள்நுழையாதவர் புஷ் செய்தால், அதாவது மாற்றங்களை அனுப்பினால், 403 என்ற அனுமதி மறுப்புத்தான் வரும். திறக்கவேண்டிய களஞ்சியத்துக்குள் மட்டும் 'கிட்-டீமன்-எக்ஸ்போர்ட்-ஓகே' என்ற வெற்றுக் கோப்பை வைத்தேன்.

முதலில் 'டுபியஸ் ஓனர்ஷிப்' (உரிமையாளர் சந்தேகம்) என்ற பிழை வந்தது. வெப் சேர்வரின் பயனர் வேறு, கோப்புகளின் உரிமையாளர் வேறு. கிட்டின் சிஸ்டம் கான்ஃபிக்கில் அந்தக் களஞ்சியத்தை நம்பலாம் என்று சொல்லும் 'சேஃப்.டைரக்டரி' அமைப்பைச் சேர்த்ததும் பிழை போயிற்று. கோப்புகளின் உரிமையை வெப் சேர்வருக்கு மாற்றிவிடாதீர்கள், எழுதும் அனுமதியும் சேர்ந்தே அதற்குக் கிடைத்துவிடும்.

எதிர்பாராதது இதுதான்: எப்போதோ அழித்த கடவுச்சொல் கோப்பு பழைய கமிட்டில் (வரலாற்றில் சேமித்த ஒரு பதிவு) அப்படியே கிடந்தது. கிளைப் பெயர்கள் போன்றவற்றை மறைக்கும் 'ஹைட்ரெஃப்ஸ்' அமைப்பை நம்பி அதை மறைக்க முடியாது. கடவுச்சொல்லை மாற்றி, பழைய வரலாறு இல்லாத புதுக் களஞ்சியத்தைத்தான் திறந்துவிட்டோம்.