ஹாலோவீன் பார்ட்டிக்கு 'இனிப்பு' என்று பெயர் கொடுத்துவிட்டேன், வழி சொல்லுங்கள்

கேள்வி:

நியூ ஜெர்சிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. எங்கள் அடுக்குமாடியில் அக்டோபர் 31க்கு முந்தின சனிக்கிழமை பார்ட்டி. யார் என்ன கொண்டுவருவது என்று தாள் சுற்றி வந்தபோது, நமக்குத் தெரிந்ததுதானே என்று இனிப்புக்கு நேரே பெயரை எழுதிவிட்டேன். பிறகுதான் சொல்கிறார்கள், பார்த்தால் பயமாக இருக்க வேண்டுமாம். இருபது பேர், பாதி குழந்தைகள். கேக் செய்து பழக்கமில்லை. வீட்டில் முட்டையும் சமைப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

நீங்கள் பயப்படாதீர்கள், பயப்பட வேண்டியது அவர்கள்தான்.

பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் ஹாலோவீன் பார்க்கிறேன். பயம் முழுக்கக் கண்ணில்தான் இருக்கிறது. எதன்மேல் இரண்டு கருப்புப் புள்ளி வைத்தாலும் அது நம்மை முறைக்க ஆரம்பித்துவிடும். வாழைப்பழத்தை உரித்து, குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே வருமாறு நிறுத்தி, மேலே இரண்டு சாக்லேட் சிப்ஸ் குத்துங்கள். பேய் தயார். சின்ன ஆரஞ்சை உரித்து உச்சியில் செலரித் துண்டு ஒன்றைச் செருகினால் பூசணிக்காய். குழந்தைகள் பாதி என்பதால் இந்த இரண்டே ஒரு தட்டை நிரப்பிவிடும். வாழைப்பழம் கறுத்துப்போகும், அதை மட்டும் கடைசி நிமிடத்தில் செய்யுங்கள்.

இப்போது உங்கள் முக்கியமான அயிட்டம். இந்தியக் கடையில் டின் ரசகுல்லா கிடைக்கும், இரண்டு டின் வாங்குங்கள். உருண்டையை லேசாகப் பிழிந்து, நடுவில் சின்னக் குழி தோண்டி, ஒரு புளூபெரியை அழுத்தி வையுங்கள். பல்குத்தும் குச்சியைச் சிவப்பு ஃபுட் கலரில் தொட்டு, குழியிலிருந்து வெளியே நான்கைந்து கோணல் கோடு இழுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கி, ராஸ்ப்பெரியைச் சர்க்கரையோடு கொதிக்கவிட்டு வடிகட்டிய சாறை ஊற்றினால், ரத்தத்தில் மிதக்கிற கண்விழிகள். நான் முதல்முறை வைத்தபோது பக்கத்து வீட்டுப் பெண்மணி ஐந்து நிமிடம் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுத்தான் ஒன்றை எடுத்தார். அப்புறம் நான்கு எடுத்தார்.

ஜெல்லிப் புழு, மார்ஷ்மெல்லோ, கேண்டி கார்ன் என்று கடை முழுக்க அடுக்கி வைத்திருப்பார்கள். சைவம் என்றால் இவற்றில் கவனம். பெரும்பாலும் ஜெலட்டின் சேர்த்தவை. அது மாடு அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. டப்பாவில் பச்சைப் புள்ளி தேடாதீர்கள், அந்த முறை இங்கே கிடையாது. பின்பக்கம் திருப்பிப் பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். சிவப்பு நிறத்துக்கு 'கார்மைன்' என்று போட்டிருந்தால் அது பூச்சியிலிருந்து எடுத்தது. முதல் வருடம் இது எதுவும் தெரியாமல் பாக்கெட் ஜெல்லியில் மூளை வடிவம் செய்து, வெங்காயம்கூடத் தொடாத ஒரு மாமிக்கு நானே கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டபின் அவர் மகள்தான் டப்பாவைப் படித்தாள். அந்த வீட்டுப் பக்கம் போக எனக்கு இரண்டு மாதம் ஆனது.

ஜெல்லிக்கு நம் கடல்பாசியே போதும், சைனா கிராஸ் என்று ஊரில் வாங்குவோமே அதுதான். பொடி என்றால் ஒரு கப் சாறுக்கு ஒரு டீஸ்பூன், இரண்டு நிமிடமாவது கொதிக்க வேண்டும். ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே உருகும். கடல்பாசி உருக 85 டிகிரி செல்சியஸ் பக்கம் வேண்டும். அதனால் பார்ட்டி மேசையில் மூன்று மணி நேரம் இருந்தாலும் கலையாது. பச்சை அன்னாசிச் சாறில் ஜெலட்டின் உறையாது, இது உறையும்.

அடுத்து சூனியக்காரி விரல். பெயர்தான் பெரிது, செய்முறை நம் நானகத்தாய். அறைச்சூட்டில் இளகிய வெண்ணெய் ஒரு கப் (இங்கே விற்கும் இரண்டு குச்சி, மொத்தம் 227 கிராம்), பொடித்த சர்க்கரை அரை கப், மைதா இரண்டு கப், உப்பு ஒரு சிட்டிகை. பிசைந்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, சுண்டுவிரலை விட ஒல்லியாக உருட்டுங்கள். வேகும்போது உப்பும், நான் முதலில் நிஜ விரல் அளவுக்கே உருட்டினேன், வெளியே வந்தது யானைக்கால் வியாதி வந்த கட்டைவிரல். கணு இருக்கும் இடத்தில் கத்தியால் மூன்று கோடு. நகத்துக்குப் பாதாம் வைப்பது வழக்கம். நான் உரித்த பூசணி விதை வைக்கிறேன். பச்சை நகம் சூனியக்காரிக்கு இன்னும் பொருத்தம், பாதாம் ஒவ்வாதவர்களுக்கும் பிரச்சினை இல்லை. 325 டிகிரியில் இருபது, இருபத்தைந்து நிமிடம். இங்கே ஓவன் எண்கள் ஃபாரன்ஹீட் என்பதை மறக்காதீர்கள். ஊர்ச் சமையல் குறிப்பில் 180 என்று இருந்தால் இங்கே 350.

வெள்ளை சாக்லேட் உருக்கி எதையாவது முக்கலாம் என்று தோன்றும். செய்யுங்கள், ஆனால் அதில் தண்ணீர் ஒரு சொட்டுகூட விழக்கூடாது. நான் கேசரிப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றப்போய், மொத்தமும் ஈர மணல் மாதிரி திரிந்துபோனது. சாக்லேட்டுக்கு எண்ணெய் கலந்த நிறம்தான் வாங்க வேண்டும். திரிந்தால் கொட்டிவிடாதீர்கள், சூடான கிரீம் சேர்த்துக் கலக்கினால் சாஸ் ஆகிவிடும்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் ஒரு சீட்டு: பால் இருக்கிறது, கோதுமை இருக்கிறது, கொட்டை இல்லை என்று. இங்கே பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா ஆகியவற்றைப் பாக்கெட்டில் குறிப்பிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து எள்ளும் சேர்ந்துவிட்டது. வீட்டுச் சமையலுக்கு அந்தச் சட்டம் இல்லைதான். ஆனால் சீட்டைப் பார்த்தபிறகுதான் பல பெற்றோர் குழந்தையைத் தட்டுப் பக்கமே விடுவார்கள். ரொம்பச் சின்னக் குழந்தைகள் வந்தால் திராட்சை, புளூபெரியை முழுசாகக் கொடுக்காமல் வெட்டிக் கொடுங்கள்.

கேட்டவர்:

ரொம்ப நன்றி! குட்டிக் குட்டி வெள்ளைப் பேய், வாயில் போட்டால் கரையுமே, அது முட்டை இல்லாமல் வருமா? அப்புறம், மீந்ததை 31ஆம் தேதி வாசலுக்கு வருகிற குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்:

வரும். கொண்டைக்கடலை டின்னைத் திறந்தால் கொழகொழவென்று ஒரு தண்ணீர் இருக்கும் பாருங்கள், அதுதான் முட்டை வெள்ளைக்கு மாற்று. உப்பில்லாத டின் வாங்குங்கள். முக்கால் கப் தண்ணீருக்கு எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன் விட்டு மின் கலக்கியால் அடியுங்கள். நுரை வந்ததும் சர்க்கரை முக்கால் கப், ஒவ்வொரு கரண்டியாக. பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், நடுவில் நம்பிக்கை போகும், நிறுத்தாதீர்கள். கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது, அதுதான் பதம். பிளாஸ்டிக் பையின் மூலையை வெட்டிக் கூம்பு கூம்பாகப் பிழிந்து, 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், பிறகு ஓவனை நிறுத்தி உள்ளேயே ஆறவிடுங்கள். மழை நாளில் செய்தால் பிசுபிசுத்துவிடும். கண் வைப்பதைப் பார்ட்டிக்குப் போகிற நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உருக்கிய சாக்லேட் ஒரு சொட்டு. மீந்த கடலையைச் சுண்டல் செய்யுங்கள், நவராத்திரியில் சலிக்காமல் இருந்தால்.

வாசலுக்கு வருகிற குழந்தைகளுக்கு வீட்டில் செய்ததைக் கொடுக்காதீர்கள். எவ்வளவு ஆசையாகச் செய்திருந்தாலும், தெரியாத வீட்டுப் பண்டம் என்று பெற்றோர் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கடை பாக்கெட் மிட்டாய் மட்டும். சில வீட்டு வாசலில் நீலப்பச்சை நிறம் பூசிய பூசணி பார்ப்பீர்கள். உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்காக ஸ்டிக்கர், பென்சில் மாதிரி தின்ன முடியாத பரிசு அங்கே உண்டு என்று அர்த்தம். பள்ளிக்கு எதுவும் அனுப்புவதாக இருந்தால் முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள், பல இடங்களில் வீட்டுப் பலகாரத்துக்கு அனுமதி இல்லை.

டொராண்டோவிலிருந்து இன்னொருவர்:

நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், தொதல் (அல்வா மாதிரி ஒரு இனிப்பு) தட்டிலேயே மயானம் செய்வோம். அரிசி மா, தேங்காய்ப் பால், சர்க்கரை (நீங்கள் சொல்லும் வெல்லம்) எல்லாம் சேர்ந்து அது தானாகவே கறுப்பாகத்தானே இருக்கும், மண்ணுக்கு வேறு நிறம் தேவையில்லை. நீள்சதுர பிஸ்கட்டைக் கல்லறைக் கல்லாக நட்டு, சாக்லேட்டால் 'ஆர்.ஐ.பி.' எழுதினால் சரி.

பதில்:

அருமை. 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன, காலையில் எண்ணெய்க் குளியல், மாலையில் மகனுக்கு எலும்புக்கூடு வேஷம். அன்று இந்த யோசனை தெரிந்திருந்தால் கருப்பட்டி அல்வாவில் கல்லறை நட்டிருப்பேன்.

கேட்டவர், பார்ட்டி முடிந்து:

கண்விழி முதலில் காலி. விரலில் நான்கு உடைந்தது, உடைந்த இடத்தில் ஜாம் தடவினேன், அதைத்தான் பையன்கள் அடித்துப் பிடித்து எடுத்தார்கள். பேய்கள் கொஞ்சம் சாய்ந்துவிட்டன. அடுத்த வருடத் தாளில் இப்போதே என் பெயரை இனிப்புக்கு எழுதி வைத்துவிட்டார்கள்.