கஸ்டமர் அட்வைசரி போர்டு: கூட்டத்துக்கு முன்னால் கருத்துக் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை, உதவி தேவை

நூல்கண்டு:
அவசரம் நண்பர்களே. அடுத்த வியாழக்கிழமை எங்கள் அட்வைசரி போர்டு (எங்களுக்கு ஆலோசனை சொல்லும் வாடிக்கையாளர் குழு) கூட்டம். அடுத்த இரண்டு மூன்று வருடத் திட்டத்துக்கு உறுப்பினர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார் எம்.டி. கூகுள் ஃபார்ம் அனுப்பினேன். இரண்டு பேர் மட்டும் நிரப்பினார்கள், அதிலும் "எல்லாம் நல்லா இருக்கு" என்று ஒரே வரி. இதற்கு வேறு ஏதாவது நல்ல ஆப் இருக்கிறதா?

பாவுநூல்:
எந்தத் தொழில்? எத்தனை உறுப்பினர்கள்? முதலாளிகளா, ஐடி மேனேஜர்களா? ஃபார்மில் என்ன கேட்டீர்கள்? இதெல்லாம் தெரியாமல் ஆப் பெயர் சொல்லி என்ன பிரயோஜனம்?

சேலத்துக்காரன்:
ஃபார்மை விட்டுத் தள்ளுங்க. வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கேள்வி போடுங்க, வாய்ஸ் மெசேஜாகப் பதில் கேளுங்க. தொழில் நடத்துகிறவருக்கு டைப் பண்ண நேரம் ஏது? கார் ஓட்டிக்கொண்டு போகும்போதுகூட நாலு வார்த்தை பேசி அனுப்பிவிடுவார்.

பாவுநூல்:
கார் ஓட்டும்போது வேண்டாம் தம்பி.

பழையகணக்கு:
இதே கேள்வி இங்கே பல தடவை வந்தாயிற்று, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. கருத்துக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு, டெல்ஃபி என்று பெயர். 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் உருவாக்கியது. பெயர் தெரியாமல் ஒவ்வொருவரிடமும் கருத்து வாங்கித் தொகுத்து, அந்தத் தொகுப்பை எல்லாருக்கும் அனுப்பி, இரண்டாம் சுற்று கேட்க வேண்டும். அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் ஆப் தேடலாம்.

நூல்கண்டு:
விவரம் இதோ. பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கான இஆர்பி மென்பொருள் (ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாம் ஒரே இடத்தில் பார்ப்பதற்கு). உறுப்பினர்கள் 11 பேர், எல்லாரும் திருப்பூர் முதலாளிகள். ஃபார்மில் 34 கேள்வி, பெரும்பாலும் எங்கள் மாட்யூல்களுக்கு மார்க் போடச் சொல்லி. சேல்ஸ் ஹெட் மெயிலில் இருந்து போனது.

கொங்குமண்:
விஷயம் இப்போதுதான் பிடிபடுகிறது. நான் ஏற்றுமதி கம்பெனியில் இருக்கிறேன், இப்படி ஒரு போர்டில் எங்கள் முதலாளியும் உறுப்பினர். சேல்ஸ் ஆள் பெயரில் மெயில் வந்தால் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிக்கச் சொல்லித்தான் வந்திருக்கும் என்று திறக்கவே மாட்டார்.

11 பேர்தானே? ஃபோனில் கூப்பிடுங்க. எம்.டி.யோ புராடக்ட் ஹெட்டோ பேச வேண்டும், சேல்ஸ் ஆள் லைனிலேயே இருக்கக் கூடாது. 20 நிமிடம் போதும். ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத நாளாக, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடம் கேட்டு நேரம் வாங்குங்க.

உங்கள் மென்பொருளைப் பற்றி எதுவும் கேட்காதீங்க. அவர் தொழிலைப் பற்றிக் கேளுங்க. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியபோது எந்த ஆர்டரில் முதலில் கை வைத்தீங்க? ஐரோப்பாவில் டிஜிட்டல் புராடக்ட் பாஸ்போர்ட் (ஒரு பொருள் எதில், எப்படித் தயாரானது என்கிற டிஜிட்டல் பதிவு) வருகிறது, அதற்கான சட்டம் 2024 ஜூலையிலேயே அமலுக்கு வந்துவிட்டது. நூல் எந்த மில், சாயம் எந்த யூனிட் என்கிற கணக்கு இன்றைக்கு யார் கையில் இருக்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டால் எங்கள் முதலாளி அரை மணி நேரம் பேசுவார். சாய யூனிட் விவரம் எல்லாம் ஃபேப்ரிக் மேனேஜரின் நோட்டில் இருக்கிறது, அவர் லீவு போட்டால் பையருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. அடுத்த மூன்று வருடத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது.

பாவுநூல்:
இதுதான் சரி. பேசி முடித்ததும் பெயர் போடாமல் இரண்டு பக்கத்தில் தொகுத்து, கூட்டத்துக்கு முன்பே எல்லாருக்கும் அனுப்புங்க. அதிகம் பேர் சொன்ன இரண்டு விஷயத்தை மட்டும் அஜெண்டாவில் வையுங்க. அதில் ஒன்றை உறுப்பினர் ஒருவரே தொடங்கி வைக்கட்டும்.

பழையகணக்கு:
பெயர் போடாமல் தொகுப்பதைத்தானே நானும் சொன்னேன்.

சட்டப்புள்ளி:
ஒரு எச்சரிக்கை. உறுப்பினர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். விலை, மார்ஜின் பற்றிக் கேட்டுத் தொகுத்து எல்லாருக்கும் அனுப்பினால் போட்டிச் சட்டம் 2002, பிரிவு 3-இல் (போட்டியைக் கெடுக்கும் உடன்பாடுகளுக்குத் தடை) சிக்கல் வரலாம். 2023 திருத்தத்துக்குப் பிறகு, போட்டியாளர்கள் கூடிப் பேச நடுவில் நின்று உதவுகிறவரும், அதே தொழிலில் இல்லாவிட்டாலும், மாட்டலாம். அதாவது இந்த மென்பொருள் கம்பெனி.

கொங்குமண்:
ஏற்றுமதிக்கு அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறதே சார். 3(5) பாருங்க.

சட்டப்புள்ளி:
இருக்கிறது. ஆனால் முழுக்க ஏற்றுமதிச் சரக்கின் உற்பத்தி, சப்ளை, விநியோகம் சம்பந்தப்பட்டதற்கு மட்டும்தான். உள்நாட்டுக்கும் துணி தைக்கிறவர்கள் அந்த 11 பேரில் இல்லையா? சாயக் கூலி எவ்வளவு தருகிறீர்கள் என்று பேசினால் அதுவும் ஏற்றுமதியா?

கொங்குமண்:
சாயக் கூலி டீக்கடையிலேயே எல்லாருக்கும் தெரியும்ங்க. கூட்டத்தில் பேசினால் மட்டும் குற்றமா?

சட்டப்புள்ளி:
டீக்கடைப் பேச்சை யாரும் பிடிஎஃப் ஆக்கி அனுப்புவதில்லை. எழுத்தில் வந்தால் அது சாட்சியம்.

சேலத்துக்காரன்:
அப்போ வாய்ஸ் மெசேஜ்?

சட்டப்புள்ளி:
அதுவும் சாட்சியம்தான்.

பாவுநூல்:
கூலி, விலை கேட்காமலே இதைச் செய்யலாம். நூல்கண்டு, யாரிடமாவது பேசினீர்களா?

நூல்கண்டு:
எம்.டி. ஏழு பேரிடம் பேசிவிட்டார். ஐந்து பேர் சாயப் பட்டறை விவரத்தைத்தான் சொன்னார்கள், எங்கள் ஃபார்மில் அதற்கு இடமே இல்லை. விலை எதுவும் தொகுப்பில் போடவில்லை. கூட்டத்துக்குக் கிளம்புகிறேன், எல்லாருக்கும் நன்றி.

கொங்குமண்:
சட்டப்புள்ளி சார், உள்நாட்டுக்கே தைக்காத நூறு சதவீத ஏற்றுமதி யூனிட்டுகள் மட்டும் உட்கார்ந்து சாயக் கூலி பேசினால்?