கிழமைக் கதை எழுதுறவங்க, சொல்லுறவங்க: உங்களுக்கு நடந்ததையும் இதில எழுதுங்க

கல்லடிக்காரன்

சன் டிவியில எதிர்நீச்சல் நாடகம் 2022 பெப்ரவரியில தொடங்கின நாளிலிருந்து, ஞாயிறு காலையில அந்தக் கிழமை ஆறு நாள் கதையையும் சேர்த்து எழுதி எங்கட வட்ஸ்அப் குறூப்பில போடுறனான். சும்மா கதைச் சுருக்கம் இல்ல. எந்தக் காட்சி சரி, எது இழுவை, ஈஸ்வரி சொன்ன பதில் போதுமா, நந்தினி ஏன் திரும்பவும் குசினிக்குள்ளேயே நிக்கிறா, இப்பிடி. சொந்தக்காரருக்கெண்டு தொடங்கினது. பிறகு ஒராளுக்கொராள் அனுப்பி, எனக்கு முகம் தெரியாத சனமும் வாசிக்கத் தொடங்கிட்டுது.

2023 செப்டெம்பர் 3, ஞாயிறு. அந்தக் கிழமை பார்த்ததில எனக்கு ஒரே ஆத்திரம். கடைசி வரியா எழுதினன்: "குணசேகரன் செத்தாத்தான் இந்த வீட்டுப் பொம்புளைகளுக்கு விடிவு." நிறையப் பேர் கைதட்டுற படம் போட்டாங்க.

வெள்ளிக்கிழமை, 8ஆம் திகதி, அதே நாடகத்துக்கு டப்பிங் பேசப் போன இடத்தில, குணசேகரனா நடிச்ச மாரிமுத்து மாரடைப்பில போயிட்டார்.

அடுத்த நாள் காலை மீன் வாங்கப் போனன். பாலத்தடியில வழக்கமா நான் வாங்குற அக்கா. அவவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் எழுதுறதை மகள் வாசிச்சுக் காட்டுறது எண்டு முதல் ஒரு நாள் சொல்லியிருக்கிறா. பாரைக் குட்டி ஒண்டின்ட செதிலைச் சுரண்டிக்கொண்டு இருந்தவ, கத்தியை நிப்பாட்டிப்போட்டு நிமிர்ந்து பார்த்தா.

"நீங்கதானே தம்பி எழுதின? மனுசன் போயிட்டார்."

கோவமாச் சொல்லல்ல. அதுதான் எனக்கு ஏலாமப் போனது. மீனை வெட்டிக் கழுவிப் பையில போட்டுத் தந்தா. காசை நீட்டினன். எப்பவும் கையால வாங்கி இடுப்பில சொருகுறவ, அண்டைக்குப் பேசினுக்குப் பக்கத்தில வைக்கச் சொல்லிக் கண்ணால காட்டினா. வைச்சன். ஈரச் சாக்குக்கு மேல அந்த ஆயிரம் ரூபாய் நனைஞ்சு கொண்டு கிடந்தது.

அதுக்குப் பிறகு பல கிழமை நான் எழுதவே இல்ல. வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்துக்கு வந்தபோது எல்லாரும் கேட்டாங்க, "எப்பிடி, இவர் சரிவருமா?" எண்டு. எனக்கு அந்தாளுடைய முகத்தை நேராப் பார்க்கவே முடியல்ல. "ஏய் இந்தாம்மா" எண்டு மாரிமுத்துட குரல் எங்க கேட்டாலும் எனக்கு அந்த நனைஞ்ச காசுதான் ஞாபகம். உங்களுக்கு இப்பிடி ஏதும் நடந்திருக்கா?

ஆரையம்பதிப் பிள்ளை

நான் எழுதுறதில்ல, வாயாலதான். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் நிப்பாட்டினாங்களே, அந்த நாள். எனக்கு வேலை செய்யுற இடத்தில ஜெனரேட்டர் இருந்ததால போனுக்கு சார்ஜ் போட்டு, பகல்ச் சாப்பாட்டு நேரத்தில முந்தின நாள் நாடகத்தைப் பார்த்துடுவன். பின்னேரம் வீட்டுக்கு வந்தா எங்கட கடப்படியில ஆறேழு பேர் பாய் போட்டுக் காத்துக்கொண்டு இருப்பாங்க.

ஒரு நாள் நான் ஜனனி குணசேகரனை எதிர்த்துப் பேசுறதைச் சொல்லிக்கொண்டு இருக்க கரண்ட் வந்துட்டு. வீட்டுக்குள்ள லைட் எரியுது, டிவி தானா ஓடத் தொடங்குது, அதே சன் டிவி, அதே நாடகம். ஒருத்தரும் எழும்பல்ல. "நீ சொல்லு புள்ள" எண்டாங்க. முதுகுக்குப் பின்னால நாடகம் சத்தமா ஓடுது, இவங்க என்ட வாயைப் பார்த்துக்கொண்டு இருக்காங்க.

இப்ப ஆருக்கும் கதை சொல்லத் தேவையில்ல. எல்லார்ட கையிலயும் போன். அதே கடப்படியில தனித்தனிய இருந்து பாக்காங்க. எனக்கு அந்தப் பாய் நினைவு வந்தா நெஞ்சு அடைக்கும்.

சாய்ந்தமருது மகள்

நான் சொல்லுறது 2023 நோன்பு. எங்கட உம்மா நோன்பு முப்பது நாளும் நாடகப் பக்கம் தலை வைக்க மாட்டா. ஆனா பெருநாள் முடிஞ்ச மறு நாளே "விட்ட இடத்திலருந்து சொல்லு" என்டு வந்து குந்திருவா. சிறகடிக்க ஆசை அப்ப தொடங்கி மூணு மாசம். நான் மறந்திருவேன் என்டு கொப்பியில கிழமை கிழமையா எழுதி வெச்சிருந்தேன்.

சொல்லிக்கிட்டுப் போறேன். முத்துவ நெனைக்காத நேரத்தில மீனா கல்யாணம் முடிச்சது, மாமியார் விஜயா அவள வேலைக்காரி மாதிரி நடத்துறது, பூக்கட்டிக் காசு பாக்குற பிள்ளய ஏழை ஏழை என்டு குத்துறது. உம்மா வெத்தில மடிச்சுக்கிட்டே கேட்டுட்டிருந்தவ, கைய நிப்பாட்டிட்டுக் கேட்டா:

"ஏன் அந்தப் புள்ள மாமிட ஊட்டுல கெடக்கு? அவட உம்மா ஒரு ஊடு குடுக்கல்லியா?"

இந்தியாவுல அப்படித்தான் உம்மா, பொண்ணுதான் போகும் என்டேன். உம்மாக்கு நாடகம் பாக்குறது இன்டைக்கு நேத்தல்ல, சித்தி ஓடின காலத்திலருந்து பாக்குறா. இருபது வருசத்துக்கு மேல. இவ்வளவு நாளும் இந்தக் கேள்வி எப்படி மனசுல கிடந்திச்சோ தெரியா.

நம்மட பக்கத்துல பொம்புளப் புள்ள பொறந்த அன்டையிலருந்து வாப்பாமார் அத்திவாரம் போடத் தொடங்கிருவாங்க. ஊடு புள்ளட பேர்ல, மாப்பிள்ளதான் வந்து சேரணும். முஸ்லிம் ஆக்கள்ளயும் தமிழ் ஆக்கள்ளயும் அதான் வழக்கம். எங்கட வாப்பா கடல்ல இருந்தவர். நாங்க மூணு பொம்புளப் புள்ளயள். ரெண்டு ஊடு கட்டி முடிச்சார். மூணாவது என்ட ஊடு. 2004 டிசம்பர் 26, லிண்டல் மட்டத்துல நின்ட சுவரயும் கடல் கொண்டு போயிட்டு, வாப்பாவயும் கொண்டு போயிட்டு.

உம்மா அந்தக் கேள்வியக் கேட்டதும் நானும் பேசல்ல, அவவும் பேசல்ல. வெத்திலய மடிச்சு வாயில போடாம தட்டத்திலயே வெச்சிட்டா. பிறகு "சரி, மீனாட கதயச் சொல்லு" என்டா. மீனாக்கு ஊடில்லாதது உம்மாக்கு ஏன் அவ்வளவு வலிச்சது என்டு எனக்கு அந்த நேரம்தான் வெளங்கிச்சு. நான் இப்ப இருக்குறது மூத்தவட, ராத்தாட ஊட்டுல.

அக்கரைப்பற்று வாசகன்

கல்லடிக்காரர் எழுதியதை வாசித்தேன். வருத்தம் புரிகிறது, ஆனால் அவருடைய தவறு எங்கே என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. பாத்திரம் சாக வேண்டும் என்று எழுதுவது பாவமில்லை. பாத்திரத்தின் பெயரைச் சொல்லித்தான் எழுதியிருக்கிறார், நடிகரைச் சொல்லவில்லை. அந்த மீன்கார அம்மா இரண்டையும் ஒன்றாக நினைத்தது அவருடைய பாசம். அதற்காக எழுத்தை நிறுத்தியது சரியில்லை.

என்னுடைய அனுபவம் சிறியது. பாண்டியன் ஸ்டோர்ஸ் ப்றோமோவை மட்டும் பார்த்துவிட்டு, வீடு இந்தக் கிழமை பிரிகிறது என்று மச்சானிடம் அடித்துச் சொன்னேன். பிரியவில்லை. அவர் மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. காரணம் நாடகமில்லை, அவர்களுடைய வீட்டிலும் அந்த நேரம் அண்ணன் தம்பி வயல் பிரிக்கிற கதை நடந்துகொண்டிருந்தது. நான் அதைக் குத்திக் காட்டியதாக நினைத்துவிட்டார். அவருடைய முகம் கறுத்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே எழுதுகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறேன். ப்றோமோவை வைத்து ஒருபோதும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கிழமை முழுவதிலும் மிக உரத்த அரை நிமிடத்தை வெட்டி எடுத்து ஒட்டுவதுதான் ப்றோமோ. அதில் அறை விழும். நாடகத்தில் அது கனவாக இருக்கும். அடுத்தது, இந்தியாவில் வியாழக்கிழமை தோறும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கிற பார்க் (BARC) நிறுவனத்தின் ரேட்டிங் வருகிறது. கதை திடீரென்று திசை மாறினால் இயக்குநரைத் திட்டுவதற்கு முன்னால் அதையும் யோசியுங்கள். பார்க்கிற கூட்டம் குறைந்தால் கல்யாணம் வரும், கூடினால் அதே கல்யாணம் மூன்று கிழமைக்கு நீளும். அரை மணித்தியால நாடகத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது இருபது நிமிடமளவுதான். அதிலும் முந்தைய நாள் கதை, பாட்டு, முகம் முகமாகக் காட்டுவது எல்லாம் போனால் உண்மையான கதை எவ்வளவு என்று ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள். அதை எழுதுங்கள், அது விமர்சனம்.

நடிகர் மாறும்போது உடனே ஒப்பிட்டு எழுதாதீர்கள். 2020 டிசம்பரில், பாண்டியன் ஸ்டோர்ஸில் முல்லையாக நடித்த சித்ரா இறந்தபோது காவியா அறிவுமணி அந்த இடத்துக்கு வந்தார். முதல் நாளிலேயே "இது முல்லை இல்லை" என்று எத்தனை பேர் எழுதினார்கள்? துக்க வீட்டுக்குள் வந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்துச் சொல்லுகிற வார்த்தையா அது? ஒரு மாதம் பொறுத்து எழுதியிருக்கலாம். வேல ராமமூர்த்திக்கும் அதுவே நடந்தது. சிறுகதையும் நாவலும் எழுதிப் பெயர் பெற்ற மனிதர், இன்னொருவர் விட்டுப் போன கதிரையில் வந்து உட்கார்ந்தார். அது எவ்வளவு கடினம் என்று ஒருவராவது எழுதினார்களா?

ஆரையம்பதிப் பிள்ளை

அக்கரைப்பற்று அண்ணன், கடிகாரம் வைச்சு நாடகம் பாக்கிறவங்களுக்கு நீங்க சொல்லுறது சரி. எங்கட கடப்படியில இருந்த அக்காமாருக்கு அந்த இருபது நிமிசம்தான் அண்டைக்குக் கிடைச்ச சந்தோசம். அதில எவ்வளவு விளம்பரம் எண்டு அவங்க எண்ணல்ல. மச்சானோட இப்ப கதைக்கிறீங்களா, அதைச் சொல்லுங்க.

மண்டூர்ப் பேரன்

எனக்கு வேலை கல்முனையில. சனிக்கிழமை குறுமண்வெளியில வாவி கடக்கிற மிதவைப் பாதை ஏறி மண்டூருக்குப் போவன், பெத்தாவைப் பார்க்க. 2020 மார்ச்சில ஊரடங்கு போட்டபோது அங்கேயே மாட்டுப்பட்டுட்டன்.

பெத்தாவுக்கு அப்ப ரெண்டு கண்ணும் போய் நாலு வருசம். அந்த நாட்களில சன் டிவி மெட்டி ஒலியைத் திரும்பப் போட்டது. 2002இல தொடங்கினபோது அவ கண்ணால பார்த்த நாடகம். இப்ப காதால. கதை எல்லாம் தெரியும், அஞ்சு பொண்ணுகள்ட பேரும் தெரியும். ஆனா ஒரு இடத்தில மட்டும் என்ட கையைப் பிடிப்பா. ஆக்கள் ஒண்டும் பேசாம வாத்தியம் மட்டும் அடிக்கிற இடம்.

"இப்ப ஆர் ஆரைப் பாக்கா?"

கண் தெரிஞ்ச நமக்கு அந்த நேரம் சலிப்பு. பெத்தாவுக்கு அது இருட்டு. நான் சொல்லத் தொடங்கினன். சரோ வாசலில நிக்கா, கையில பை, மாமியார் கதிரையில இருக்கா, எழும்பல்ல, இப்ப அவட முகம், இப்ப இவட முகம். அப்பதான் எனக்கே விளங்கினது, ஒரு நாடகத்தில பேசாத இடத்தில எவ்வளவு கிடக்கு எண்டு.

ஒரு நாள் சரோ அழுற காட்சி. அண்டைக்குப் பெத்தாவுக்குக் காய்ச்சல், வெளிய மருந்தெடுக்கவும் போக ஏலாது. மனசு கேக்காம "சரோ சிரிக்கா பெத்தா" எண்டன்.

பெத்தா கையை எடுத்தா. "அந்த வாத்தியத்துக்கு ஆரும் சிரிக்க மாட்டாங்க மனே. உள்ளதைச் சொல்லு."

உள்ளதைச் சொன்னன். கேட்டுப்போட்டு, "ம், அழட்டும்" எண்டு திரும்பிப் படுத்தா. அடுத்த வருசம் மாரிக்குள்ள பெத்தா போயிட்டா. கல்லடி அண்ணன், நீங்க எழுதினது பிழையோ சரியோ எனக்குத் தெரியா. உங்கட மீன்கார அக்கா மாதிரி ஆக்களுக்கு நீங்க எழுதுறது பொழுதுபோக்கு இல்ல. அவங்களுக்கு அதுதான் நாடகம்.

திருக்கோவில் மருமகன்

சாய்ந்தமருதுத் தங்கச்சி சொன்னது முழுக்க உண்மை, ஒண்டை மட்டும் சேர்க்கிறன். நம்மட பக்கம் மாமியார் வீட்டுக்குப் போறது ஆம்பிளை. அதையும் ஆராவது நாடகமா எடுக்கணும். நான் கலியாணம் முடிச்சு வந்த புதுசில மாமியோட பேச்சே இல்ல. நான் ஹோலில இருந்தா அவ குசினிக்குள்ள, அவ வந்தா நான் முத்தத்துக்கு. ஒம்பதரைக்கு மட்டும் ரெண்டு பேரும் ஒரே இடத்தில இருந்து எதிர்நீச்சல் பாக்கோணும், ஏனெண்டா டிவி ஒண்டுதான்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே பாக்கன். நாடகத்தில சாப்பிட இருந்த மருமகளை ஏசி எழுப்பி விடுறாங்க. மாமி டிவியைப் பார்த்தா, என்ட கோப்பையைப் பார்த்தா. ஒண்டும் பேசல்ல. எழும்பிப் போய் சட்டியில மிச்சம் இருந்த கணவாய்க் கறியை வழிச்சுக் கொண்டு வந்து என்ட சோத்துக்கு மேல போட்டுட்டுத் திரும்ப வந்து குந்தினா. அவவுக்குக் கறி வைச்சாவா எண்டு நான் கேக்கல்ல. அதைக் கேக்காம விட்டது இண்டைக்கும் உறுத்துது.

கல்லடிக்காரன்

எல்லாரும் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். அக்கரைப்பற்று அண்ணன், பாத்திரம் வேற நடிகர் வேற எண்டு எனக்கும் தெரியும். ஆனா அந்த வரியை நான் கதைக்காக எழுதல்ல, கைதட்டு வாங்க எழுதினன். அது எனக்குத் தெரியும், அதுதான் விடாமக் குடையுது. சாய்ந்தமருதுத் தங்கச்சி, உங்கட கொப்பியைக் கவனமா வைங்க.

மண்டூர்த் தம்பி எழுதினதை வாசிச்சுப்போட்டு இண்டைக்குக் காலை பாலத்தடிக்குப் போனன். அவ நெத்தலி நிறுத்துக்கொண்டு இருந்தா. நானே கேட்டன், "அக்கா, இந்தக் கிழமைக் கதை பார்த்தீங்களா?"

"மகள் கட்டாருக்குப் போயிட்டாளே தம்பி. ஆர் எனக்கு வாசிக்க?"

எனக்கு இது தெரியாது. பக்கத்தில கிடந்த ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் குந்தினன். திங்களில தொடங்கி வியாழன் மட்டும் சொல்லிட்டன், வெயில் ஏறிட்டுது, சனமும் கூடிட்டுது. மிச்சத்தை நாளைக்கு வந்து சொல்லுறன் எண்டு எழும்ப, நெத்தலிக் காசுக்கு அவ கையை நீட்டினா.