விண்டோஸில் சிஎச்மாட் 400 ஓடவில்லை, சர்வர் சாவிக் கோப்பை ஏற்க மறுக்கிறது

தங்கச்சிமடம்:
படகு வாரியாக மீன் எடைக்கணக்கு காட்டும் சின்ன வெப்சைட்டை கிளவுட் சர்வரில் ஏற்ற வேண்டும். லேப்டாப் விண்டோஸ் 10, சர்வர் உபுண்டு. சாவிக் கோப்பு (பாஸ்வேர்டுக்குப் பதில் சர்வரில் நுழைய உதவுவது) பென்டிரைவில் இருக்கிறது. வழிகாட்டிப் பக்கத்தின் முதல் கட்டளையே சிஎச்மாட் 400, அதாவது சாவியை உரிமையாளர் மட்டும் படிக்கும்படி ஆக்குவது. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் அடித்தால் அப்படியொரு கட்டளை இல்லை என்கிறது. அதை விட்டு எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள சர்வரில் லாகின் செய்யும் நிரல்) கொடுத்தால், சாவிக்குப் பாதுகாப்பு இல்லை என்று எச்சரித்து நின்றுவிடுகிறது. அடுத்துள்ள நாலு வரிக் கட்டளையை ஒட்டினால் வரிக்கு வரி பிழை. போன் ஹாட்ஸ்பாட்தான், பெரிய டவுன்லோடு தாங்காது.

கீழக்கரை:
மறுப்பது சர்வர் இல்லை தம்பி, உங்கள் லேப்டாப்பில் உள்ள எஸ்எஸ்எச். சாவியை மற்ற யூசர்களும் படிக்க முடிந்தால் அது சாவியைத் தொடாது. சிஎச்மாட் லினக்ஸ், மேக் கட்டளை; விண்டோஸில் கிடையாது. பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் முறையில் இருக்கும். அதில் யூசர் அனுமதி என்பதே இல்லை, அங்கே வைத்து எதுவும் சரிசெய்ய முடியாது.

சி டிரைவில் யூசர்ஸுக்குள் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டருக்கு சாவியைக் காப்பி செய்யுங்கள். பாதிப் பேருக்கு இதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் கோப்பில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட். டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ் கொடுத்து, மேல் ஃபோல்டரிலிருந்து வந்த அனுமதிகளை எல்லாம் நீக்குங்கள். பிறகு ஆட் அழுத்தி உங்கள் யூசர் பெயரை மட்டும் ரீட் அனுமதியோடு சேருங்கள்.

அதன்பிறகும் 'பப்ளிக்கீ' என்ற சொல்லோடு மறுப்பு வந்தால் அது வேறு கோளாறு: லாகின் பெயர் தப்பாக இருக்கலாம், அல்லது சாவி அந்த சர்வருக்கு உரியதாக இல்லாமல் இருக்கலாம்.

மண்டபம்:
நாலு வரிக் கட்டளையில் வரி முடிவில் பேக்ஸ்லாஷ் இருக்கும். 'அடுத்த வரியும் சேர்த்தி' என்று லினக்ஸ், மேக் டெர்மினலில் ஓடும் பாஷ் போன்ற ஷெல்கள்தான் (கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்கள்) அதைப் புரிந்துகொள்ளும். பவர்ஷெல்லுக்கு பேக்டிக் (1-க்கு இடப்பக்கக் கட்டை), கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்கு கேரட் (ஷிப்ட் 6). அதற்குப் பின் ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும் கெட்டது. நோட்பேடில் பேக்ஸ்லாஷை எடுத்து ஒரே வரியாக்கி ஒட்டுவதே நிம்மதி.

கட்டளைக்குள் ஜேசன் (மேற்கோள் குறிகளோடு எழுதும் தரவு வடிவம்) இருந்தால் மேற்கோள் குறியோடு மல்லுக்கட்டாமல் தனிக் கோப்பாக வையுங்கள். பவர்ஷெல் 5.1-இல் 'பெரிது' குறி (>) போட்டுக் கோப்பு உருவாக்கினால் அதன் எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-16 ஆகிவிடும், பல டூல்கள் அதைப் படிக்காது. நோட்பேடில் சேவ் ஆஸ், ஆல் ஃபைல்ஸ், யுடிஎஃப்-8.

தங்கச்சிமடம்:
காப்பி செய்ததுமே லாகின் ஆகிவிட்டது அண்ணே. லேப்டாப்பில் எழுதி சர்வரில் ஏற்றிய ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) மட்டும் 'பேட் இன்டர்ப்ரெட்டர்' என்கிறது.

மண்டபம்:
வரி முடிவு விண்டோஸ் முறையில், சிஆர்எல்எஃப்-ஆக (கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள்) இருக்கிறது; லினக்ஸ் எதிர்பார்ப்பது ஒன்றைத்தான். நோட்பேட் பிளஸ் பிளஸில் எடிட், இஓஎல் கன்வர்ஷன், யூனிக்ஸ் கொடுத்து சேவ் செய்து திரும்ப ஏற்றுங்கள். சின்ன டவுன்லோடுதான்.

கீழக்கரை:
அந்த வழிகாட்டிப் பக்கத்தின் அடியில் கருத்துப் பெட்டி இருந்தால், எந்தப் படி, விண்டோஸில் என்ன பிழை, எது சரியான வழி என்று மூன்று வரி எழுதிவிடுங்கள். 'லினக்ஸ் அல்லது மேக் டெர்மினலில்' என்று அவர்கள் ஒரு சொல் போட்டிருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை. பவர்ஷெல்லை மட்டும் காட்டும் பக்கங்களும் உண்டு. அங்கே லினக்ஸ்காரர்கள் திணறுவார்கள். பேக்டிக்கை பாஷில் ஒட்டினால் ஜோடி பேக்டிக் வரும்வரை அது காத்துக்கொண்டே நிற்கும். கன்ட்ரோல் சி அழுத்தி வெளியே வாருங்கள்.