கண்மாய்த் தொடரை வரைபடமாக்குதல்: எந்தத் தரவை நம்புவது, எதை நடந்து பார்ப்பது?

செம்மண் (வினா)

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊரையும் சுற்றியுள்ள நான்கு ஊர்களையும் சேர்த்து 17 கண்மாய்கள் ஒரே தொடராக அமைந்துள்ளன. மேலே உள்ள கண்மாய் நிறைந்து கலுங்கு (மிகுநீர் வெளியேறும் அமைப்பு) வழிந்தால், அந்த மறுகால் தண்ணீர்தான் அடுத்த கண்மாய்க்கு வரத்து. சில ஆண்டுகளாக மேல் கண்மாய்கள் பெருகியும் கடைசியில் இருக்கும் எங்கள் கண்மாய்க்கு முழங்காலளவு தண்ணீர்கூட வந்து சேர்வதில்லை. வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கு ஓர் இடத்தைச் சொல்கிறார்கள். ஆகவே தொடர் முழுவதையும் வரைபடமாக்கி அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் வைப்பதென்று நாங்கள் ஆறு பேர் முடிவு செய்து, ஒரு மடிக்கணினியையும் கைப்பேசிகளையும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியிருக்கிறோம்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஐரோப்பிய ஆணையத்தின் உலக மேற்பரப்பு நீர்த் தரவை ஏற்றிப் பார்த்தபோது, எங்கள் கண்மாயின் பாதிப் பரப்பில் தண்ணீர் நின்றதற்கான அடையாளமே இல்லை. ஆனால் கரை முழுக்கத் தண்ணீர் தளும்பி நின்றதை நாங்களே சிறு வயதில் பார்த்திருக்கிறோம். அடுத்து, விண்கலம் வழியாக எடுத்த உயரத் தரவை வைத்து நீரோட்டப் பாதையைக் கணக்கிட்டோம். அது கண்மாய்க் கரையைக் குறுக்கே கடந்து கோயில் தெரு வழியாக ஓடுவதாகக் கோடு போட்டது. பரப்பளவோ ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் எண்ணாக வருகிறது. இவற்றில் எதை நம்புவது, கூகுள் வரைபடத்தில் தெளிவாகத் தெரியும் வாய்க்கால்களைப் பார்த்து வரைந்துகொள்ளலாமா என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அட்சரேகை (மறுமொழி 1)

வணக்கம் செம்மண். உங்கள் கண்மாய் பாதியாகத் தெரிவதற்குத் தரவின் இயல்பே காரணம். அந்தத் தரவு 1984 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களிலிருந்து தொகுக்கப்பட்டது. அதன் ஒரு கட்டம் 30 மீட்டர் பக்கமுள்ள சதுரம். மேலிருந்து பார்க்கும்போது நீர்ப்பரப்பு திறந்து தெரிந்தால்தான் அந்தக் கட்டம் தண்ணீராகக் கணக்கில் சேரும். நம் பகுதியில் கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். அந்த மாதங்களில் வானமோ மேகமூட்டம். போதாக்குறைக்கு உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே நீர் நிற்கும் பரப்பில், சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால், இடுப்பளவு தண்ணீர் நின்றாலும் செயற்கைக்கோளுக்குத் தெரிவது இலைதான். பெரிய நீர்த்தேக்கங்களுக்கு இந்தத் தரவைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். கண்மாய்க்கு இதைக் குறைந்தபட்ச அளவாக மட்டுமே கொள்ள வேண்டும். இதை வைத்துக் கண்மாயின் எல்லையை வரைந்தால் உள்வாயில் பாதியை நீங்களே விட்டுக்கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

இதைவிட சென்டினல்-2 படங்கள் உங்களுக்குக் கூடுதலாகப் பயன்படும். இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுப்பதாலும், பச்சை, அண்மை அகச்சிவப்புப் பட்டைகள் 10 மீட்டர் துல்லியத்தில் கிடைப்பதாலும், தை மாதத்தில் மேகமில்லாத ஒரு நாளைத் தேடிப் பிடிப்பது கடினமல்ல. பச்சைப் பட்டையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, வந்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், தண்ணீரைப் பிரித்துக் காட்டும் நீர்க் குறியீடு கிடைக்கும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2021-இல் மிகுதியாகப் பெய்தது. ஆகவே 2017 சனவரிப் படத்தையும் 2022 சனவரிப் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மிகுமழை ஆண்டிலும் உங்கள் கண்மாய் மட்டும் வறண்டு, அதற்கு மேலே உள்ள கண்மாய் நிறைந்திருந்தால், அடைப்பு அந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது. 17 கண்மாய்களின் நடுவே உள்ள எல்லா வாய்க்கால்களையும் தேடி அலையாமல், தேட வேண்டிய இடத்தை இப்படிச் சுருக்கிக்கொள்ளலாம்.

உயரத் தரவை நீரோட்டத்துக்குப் பயன்படுத்துவதை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பறந்து ரேடார் மூலம் எடுத்த அளவீடு அது. உலகளவில் அது பெரும் சாதனைதான். ஆனால் அதன் உயரப் பிழை சில மீட்டர் வரை போகும். உங்கள் கண்மாய்க் கரையின் மொத்த உயரமே அவ்வளவுதான் இருக்கும். அது தரையை அல்லாமல் மரங்களின் தலையை அளந்திருக்கவும் கூடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: நீரோட்டம் கணக்கிடுவதற்கு முன் பள்ளங்களை நிரப்பும் ஒரு படி உண்டு. கணினியின் பார்வையில் கண்மாயும் ஒரு பள்ளம் என்பதால், அதை நிரப்பித் தட்டையாக்கிவிட்டு அதன் மேல் ஆற்றை ஓடவிடுகிறது. கோயில் தெருவில் தண்ணீர் ஓடியது அப்படித்தான்.

பரப்பளவு மாறுவதற்குக் காரணம் ஆயமுறை, அதாவது உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடமாக்கும் கணக்கு. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்கேட்டர் முறையில் தள அளவை அப்படியே எடுத்தால் நம் அட்சரேகையில் ஏறக்குறைய 3 விழுக்காடு கூடுதலாக வரும். சிவகங்கை 78 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருப்பதால் யூடிஎம் என்ற மீட்டர் கணக்கு ஆயமுறையின் 44 வடக்கு மண்டலத்தை, அதாவது மென்பொருளில் இபிஎஸ்ஜி 32644 என்ற குறியீட்டெண்ணைத் தேர்ந்தெடுங்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் இதே வேலையைச் செய்பவர்களுக்கு 43-ஆம் மண்டலம் பொருந்தும்.

பனங்காடு (மறுமொழி 2)

கூகுளைப் பார்த்து வரையலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது என்பதே. உங்கள் வரைபடத்தை, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம். அங்கு கூகுள் படத்திலிருந்து பிரதியெடுப்பதற்கு இடமில்லை, கண்டுபிடிக்கப்பட்டால் நீங்கள் வரைந்த அனைத்தும் நீக்கப்படும். பிங், எஸ்ரி ஆகியவற்றின் வான்படங்களைப் பார்த்து வரைய அனுமதி உண்டு. அவை தொகுப்புக் கருவியிலேயே பின்னணியாகக் கிடைக்கின்றன.

உங்கள் மடிக்கணினியில் மட்டும் இருக்கும் கோப்பு, நீங்கள் ஆறு பேரும் வேலைக்காக வெளியூர் போன பிறகு யாருக்கும் கிடைக்காது. 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்துவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய தெருக்களைத் தன்னார்வலர்கள் உடனுக்குடன் குறிக்க முடிந்ததற்கு, அந்தத் தெருக்களை வேறு யாரோ முன்னரே பொறுமையாக வரைந்து வைத்திருந்ததுதான் காரணம்.

வரையும் முறையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் கண்மாயை ஒரு நீலப் பலகோணமாக மட்டும் வரைந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வரத்துக்காலும் கலுங்கும் மடையும் இல்லாத கண்மாய் வெறும் குட்டையாகத்தான் வரைபடத்தில் தெரியும். நீர்ப்பரப்புக்கு நேச்சுரல்=வாட்டர், வாட்டர்=ரிசர்வாயர் ஆகிய குறிச்சொற்களோடு (வரைந்தது என்ன என்று சொல்பவை), ஆண்டு முழுதும் நீர் நிற்காது என்பதைக் காட்ட இன்டர்மிட்டன்ட்=யெஸ் என்பதையும் சேருங்கள். கரைக்கு மேன்மேட்=டைக், கலுங்குக்கு வாட்டர்வே=வியர், மடைக்கு வாட்டர்வே=ஸ்லூயிஸ்கேட் (மேன்மேட், ஸ்லூயிஸ்கேட் இரண்டிலும் இரு சொற்களுக்கும் நடுவே அடிக்கோடு இட வேண்டும்). வாய்க்கால் கோட்டைத் தண்ணீர் ஓடும் திசையிலேயே வரைய வேண்டும். அங்கு கோட்டின் திசைதான் நீரோட்டத்தின் திசை. பெயரைத் தமிழிலும் தவறாமல் எழுதுங்கள். ஒரே கண்மாய்க்கு வருவாய்ப் பதிவில் ஒரு பெயரும் ஊர் வாயில் ஒரு பெயரும் இருந்தால் இரண்டையும் பதியுங்கள்.

ஒரு வேண்டுகோள். வரத்துக்காலை யாரேனும் மடக்கியிருந்தால், அவர் பெயரையோ அது ஆக்கிரமிப்பு என்ற முடிவையோ பொது வரைபடத்தில் எழுதாதீர்கள். அங்கே கண்ணுக்குத் தெரிவதை, அதாவது வேலி, மண்மேடு, சுவர் ஆகியவற்றை மட்டும் வரையுங்கள். மற்றதைக் கிராம சபையில் பேசிக்கொள்ளலாம்.

சங்கிலிக்கல் (மறுமொழி 3)

நில அளவைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன், தம்பி. பழைய நில அளவைத் தாள்களை ஏற்றும்போது அவை எவரெஸ்ட் நீளுருண்டை என்ற பழைய பூமி வடிவக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை என்பதை மறக்காதீர்கள். அவற்றில் அச்சிட்ட அட்சரேகை, தீர்க்கரேகைகளை அப்படியே கைப்பேசியின் ஜிபிஎஸ் ஆயங்களாக எடுத்துக்கொண்டால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் விலகும். வரத்துக்கால் பக்கத்துப் புஞ்சைக்குள் போய் உட்கார்ந்துவிடும். 1802-இல் ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் பரங்கிமலையருகே அடிப்படைக் கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையின் வழிவந்த தாள்கள் அவை. வேலை சுத்தமானது, அடிப்படை மட்டுமே வேறு. ஆகவே இடம் மாறாத புள்ளிகளை, கோயில் கோபுரம், கரையின் முனை, பழைய கலுங்குக் கல் என ஆறேழு இடங்களை எடுத்துப் பொருத்துங்கள். புலப்படத்தையும் (ஒவ்வொரு புல எண்ணுக்குமான நில அளவை வரைபடம்) அப்படியே பொருத்தலாம்.

உயரத்துக்கு விண்கலம் வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் ஒன்று போதும். வரத்துக்காலை எந்தச் சாலை கடக்கிறதோ, அங்கே சிறுபாலத்தின் தளத்தையும் அதற்கு மேல்பக்க வாய்க்கால் தரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். என் பணிக்காலத்தில் பெரும்பாலான சிக்கல்களை அந்த இடத்தில்தான் கண்டேன். ஊரின் நீர்ப்பாய்ச்சி (கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டு விடுபவர்) இருந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

செம்மண் (வினவியவரின் தொடர்ச்சி)

மூவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே செய்து பார்த்தோம். 2022 சனவரிப் படத்தில் மேலிருந்து 14 கண்மாய்கள் தெளிவாக நிறைந்திருந்தன. பதினைந்தாவது கண்மாயிலிருந்து கீழே எல்லாம் வெளிறிக் கிடந்தன. எனவே பதினான்காவது கண்மாயின் கலுங்கிலிருந்து அடுத்த கண்மாய் வரையுள்ள மறுகாலை மட்டும் கடந்த சனிக்கிழமை நடந்து பார்த்தோம். எழுபது வயதைக் கடந்த எங்கள் நீர்ப்பாய்ச்சி ஐயா முன்னால் நடக்க, கைப்பேசியில் ஓஎஸ்எம்ஆண்ட் செயலி தடத்தைப் பதிவு செய்துகொண்டே வந்தது. வான்படத்தில் வாய்க்கால் மறைந்துபோகும் கருவேலங்காட்டுக்குள் அவர் தயங்காமல் நுழைந்தார். வாய்க்காலின் இரு கரையும் உள்ளே உருக்குலையாமல் இருந்தன.

அடைப்பு அங்கே இல்லை. அதைத் தாண்டிச் சுமார் 300 மீட்டரில், சாலையை உயர்த்திப் போட்டபோது புதிதாகக் கட்டிய சிறுபாலம் இருக்கிறது. குழாயைப் பிடித்து மட்டம் பார்த்ததில், பாலத்தின் தளம் மேல்பக்க வாய்க்கால் தரையைவிட 47 சென்டிமீட்டர் உயரமாக இருந்தது. நம்ப முடியாமல் இரண்டு முறை திரும்ப அளந்தோம். ஒரு சென்டிமீட்டர் வேறுபாட்டோடு அதே அளவுதான் வந்தது. வாய்க்காலில் வரும் தண்ணீர் அந்த உயரத்தை எட்டும் முன்பே இடப்பக்கக் கரை உடைந்த இடத்தின் வழியாகத் தரிசில் பரவிவிடுகிறது. பாலத்தின் கீழே காய்ந்த சருகு மட்டும் கிடந்தது. ஆளுக்கு ஓர் இடத்தைச் சொன்னவர்களில் ஒருவர்கூட இந்தப் பாலத்தைச் சொல்லவில்லை.

பாலத்தையும் மறுகாலையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்துவிட்டோம். கிராம சபைக்கான ஏ3 தாளில் கரையைத் தடித்த பழுப்புக் கோடாகவும், நீரோட்டத்தை அம்புக்குறிகளாகவும், பாலத்தைச் சிவப்பு முக்கோணமாகவும் காட்டியிருக்கிறோம். பிடிஎஃப் ஆக்கும்போது தமிழ் எழுத்துகள் சிதைந்தன. எழுத்தை உருவரையாக ஏற்றுமதி செய்யும் தெரிவைக் குறித்ததும் சரியாகிவிட்டது. இன்னும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது: 47 சென்டிமீட்டர் என்ற அந்த அளவைப் பொது வரைபடத்தில் பதிவதற்கு முறையான குறிச்சொல் ஏதேனும் உண்டா?

பனங்காடு (மறுமொழி 4)

இரு தளங்களுக்கு இடையிலான வேறுபாட்டுக்கென்று தனிக் குறிச்சொல்லைத் தேட வேண்டாம். பாலத்தின் டிஸ்கிரிப்ஷன் பகுதியில், அளந்த தேதியையும் அளந்த முறையையும் சேர்த்து, தமிழிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள். உடைந்த கரையையும் தண்ணீர் பரவும் தரிசையும் மழைக்காலத்தில் ஒருமுறை படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சபையில் அந்தப் படத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.