எஸ்டிஆர்: கையேட்டில் என்ன பெயர் போடுவது?

மதுரை, இயற்பியல் ஆசிரியை:
வணக்கம். பிளஸ் டூ மாணவர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. குறைந்த விலையில் எந்த எஸ்டிஆர் (சாஃப்ட்வேர் டிஃபைன்ட் ரேடியோ, வரும் அலையைக் கணினி மென்பொருளே பிரித்தெடுக்கும் கருவி) வாங்கலாம் என்று அதில் ஒரு பக்கம். ஆர்டிஎல்2832யு சில்லு உள்ள டாங்கிளைப் பரிந்துரைத்திருக்கிறேன். கணினியில் செருகி டிவி பார்க்கச் செய்த குச்சி அது. 2012இல் ஆர்வலர்கள் ரேடியோவாக்கிவிட்டார்கள். அலையை 8 பிட் துல்லியத்தில்தான் அளக்கும், ஆனால் ஏறக்குறைய 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். தலைப்பில் "மென்பொருளால் வரையறுக்கப்பட்ட வானொலி" என்று போட்டு வகுப்பில் வாசித்தேன். ஒருவருக்கும் புரியவில்லை. நல்ல சொல் தாருங்கள்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
"வரையறுக்கப்பட்ட" என்றால் லிமிடெட் கம்பெனிதான் நினைவுக்கு வரும். வினைத்தொகையாக்கி "மென்பொருள் வரையறு வானொலி" என்னுங்கள். குடிநீர் என்றால் குடிக்கப்படும் நீர்தானே? அதுபோல. வரை என்பதற்குக் கோடு, எல்லை, மலை, மூங்கில் என்று எத்தனை பொருள்! தொல்காப்பியப் பாயிரமே வேங்கட மலையை வட எல்லையாக்கித்தான் தொடங்குகிறது. மலையிலிருந்தே எல்லைப் பொருள் பிறந்தது என்பது என் துணிபு.

கோவை, ஹாம் ரேடியோ அன்பர்:
ஐயா, மலை இருக்கட்டும். எனக்கு இடறுவது "ஒலி". என் மொட்டைமாடி ஆன்டெனாவில் 1090 மெகாஹெர்ட்ஸில் விமானங்களின் இருப்பிடம் வருகிறது, 137இல் வானிலைச் செயற்கைக்கோளின் படம் வருகிறது. இதில் ஒலி எங்கே? வானொலி என்று அச்சிட்டால் பாட்டுக் கேட்கும் பெட்டி என்று நம்பி வாங்கிவிடுவார்கள். கணினி இல்லாவிட்டால் அது வெறும் குச்சி. "மென்னலைவாங்கி" என்கிறேன்.

யாழ்ப்பாணம், மொழிபெயர்ப்பாளர்:
மென்+அலை மென்னலை, புணர்ச்சி சரி. ஆனால் மெல்லிய அலை என்றுதான் படும். மென்பொருளிலிருந்து "மென்"னை மட்டும் கிள்ளினால் அது பழைய மென்மைக்கே திரும்பிவிடுகிறது. ஒலிவாங்கி என்று மைக்குக்கு ஏற்கெனவே "வாங்கி" போய்விட்டது. அதோடு எங்கள் ஊரில் வாங்கு என்றால் பள்ளிக்கூட பெஞ்சு, போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். "மென்பொருள்வழி அலையேற்பி" எப்படி?

சென்னை, மென்பொருள் தமிழாக்கர்:
கடையில் அலையேற்பி என்று கேட்டால் கிடைக்குமா? மாணவர்கள் தேடப்போவது எஸ்டிஆர், அதையே எழுதுங்கள். அந்தப் பக்கத்துக்கு வேண்டியது வேறு. உலோக உறையும் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிழைக்குள் நிற்கும் டிசிஎக்ஸ்ஓவும், அதாவது சூடு மாறினாலும் அலைவெண்ணை நிலையாக வைக்கும் படிகமும், உள்ளனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணக் குச்சி சூடேற ஏற அலைவெண் நழுவும். பக்கத்தில் எஃப்எம் கோபுரம் இருந்தால் 8 பிட் திணறும், வடிகட்டி வேண்டும். ஏர்ஸ்பை மினி என்ற 12 பிட் எஸ்டிஆர் இன்னும் தாங்கும், விலையும் கூடும்.

மதுரை:
நன்றி. தலைப்பில் "மென்பொருள்வழி அலையேற்பி", உள்ளே முழுக்க எஸ்டிஆர். நாளை அனுப்பியாக வேண்டும்.

தஞ்சாவூர்:
அனுப்புங்கள் அம்மா. ஆனால் "வழி" என்றதும் மென்பொருள் வெறும் பாதையாகிவிடுகிறது. இங்கே அலையை வடிகட்டுவதும் பிரிப்பதும் அதுதானே? அந்த ஆட்சி "வரையறு"வில் இருந்தது. அடுத்த பதிப்புக்கு மறுபடி எழுதுவேன்.