மேசைக்கு இஸ்திரி போட்டவர்

எங்கள் பக்கத்து நான்கு ஊர் மன்றங்கள் சேர்ந்து நடத்திய பில்லியர்ட்ஸ் லீக்கில் 1981 முதல் ஒன்பது ஆண்டுகள் நாகப்பட்டினத்துக்காக ஆடினேன். தை அறுவடை முடிந்ததும் ஆட்டங்கள் தொடங்கும். மேட்டூரில் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-க்குள் முடித்துவிடுவோம். ஆடியவர்களில் பாதிப் பேர் நிலக்காரர்கள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் யாரும் பந்தடிக்கும் கியூக்கோலைத் தொடமாட்டார்கள். கோப்பை வாங்கியவர்களைப் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் எங்கள் மார்க்கரை, அதாவது மேசையைப் பராமரித்துப் புள்ளி எழுதியவரைப் பற்றிச் சொல்கிறேன்.

1958-ல் கல்கத்தாவில் இந்திய வீரர் வில்சன் ஜோன்ஸ் பில்லியர்ட்ஸில் உலக அமெச்சூர் பட்டம் வென்றபோது, எங்கள் மார்க்கர் மன்றத்தில் பந்து துடைக்கும் சிறுவனாக இருந்தாராம். நான் சேர்ந்தபோது அந்த மேசையே அவர் பொறுப்பில் இருந்தது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் விரிப்பு நமத்துப் பந்து பாதி வழியில் நின்றுவிடும். மாலை நான்கு மணிக்குக் கரி இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி, முதலில் பழைய செய்தித்தாளில் வைத்துப் பார்ப்பார். தாள் பழுப்பேறினால் சூடு தணியும்வரை காத்திருப்பார். பிறகு விரிப்பின் மயிர் படிந்திருக்கும் திசையிலேயே பன்னிரண்டடி நீளத்துக்கும் ஒரே சீராகத் தேய்ப்பார். அவர் தேய்த்த மேசையில் மெல்லத் தட்டிய பந்தும் நினைத்த இடத்துக்குப் போய்ச் சேரும்.

1977 நவம்பர் புயலில் மன்றத்துக் கூரை பிய்ந்து, மழை முழுவதும் மேசைமேல் இறங்கியிருக்கிறது. இன்னொரு இந்திய வீரர் மைக்கேல் ஃபெரைரா முதன்முறை பில்லியர்ட்ஸ் உலகப் பட்டம் வென்ற ஆண்டு அது. விரிப்பு அழுகிப்போனது, மரச்சட்டம் உப்பியது. அடியிலிருந்த ஐந்து கற்பலகைகளை ஆள் வைத்து இறக்கி, காயவைத்து, மறுபடி ஏற்றி, இணைப்புகளை மெழுகால் அடைத்து, ரசமட்டம் பார்த்துச் சமப்படுத்தியவர் அவர்தான். அன்று அவர் கைவிட்டிருந்தால் எங்களுக்கு லீக்கே கிடைத்திருக்காது.

எனக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவரும் அவரே. சிவப்புப் பந்தைக் குழியில் போட்டால் மூன்று, என் பந்து மற்ற இரண்டு பந்துகளையும் தொடும் கேனனுக்கு இரண்டு என்று நான் புள்ளிகளையே எண்ணிக்கொண்டிருப்பேன். "மூன்று புள்ளி எங்கும் ஓடிவிடாது தம்பி. அடித்தபின் உன் பந்து எங்கே நிற்கப்போகிறது? அதை முதலில் பார்" என்பார்.

1984-ல் மன்னார்குடிக்காரர்களுடன் எங்கள் மன்றத்தில் ஆட்டம். நான் 148 புள்ளியில் இருந்தேன்; 150 எடுத்தால் வெற்றி. குனிந்தபோது என் சட்டைக்கை புள்ளி வைத்த வெள்ளைப் பந்தை உரசிவிட்டது. எனக்கே தெரியவில்லை, எதிராளியும் கவனிக்கவில்லை. "ஃபவுல்" என்றார் மார்க்கர். தோற்றேன். எங்கள் ஆட்கள் சிலர் அவரிடம் ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் அந்த ஆண்டு இறுதியாட்டத்துக்குப் புள்ளி எழுத அவர்தான் வேண்டும் என்று மன்னார்குடியிலிருந்து ஆள் வந்தது. புள்ளிக் கணக்கில் ஆண்டுதோறும் சண்டை போட்ட லீக் அது. அதன்பின் லீக் நின்றுபோகும்வரை எல்லா இறுதியாட்டங்களுக்கும் அவரே நின்றார்.

அவர் எழுதிய நோட்டு என்னிடம் இருக்கிறது. ஆடிய ஒவ்வொருவர் பெயரும் தலைப்பெழுத்தோடு அதில் உண்டு. அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. நாங்கள் 'மார்க்கர்' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அந்த லீக்கில் ஆடியவர்கள் யாரேனும் இதைப் படித்தால், அவருடைய பெயரைச் சொல்லுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.